மனக் கவலையும் தேக நலமும்

கூட்டுறவுச் சங்கத்தின் மாத இதழில் உடல் நலத்தைப் பற்றிய பாடம் எதற்கு, அதனை வைத்தியர்களன்றோ எழுத வேண்டும் என்று உறுப்பினர்களில் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. நாம் வைத்தியரல்லோம், நோய்க்கு மருந்து கூறுவது நம் தொழிலும் அன்று. ஆயினும் சங்கங்களின் கணக்குப் புத்தகங்களைப் பார்வையிடுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு ஒரு செய்தி அடிக்கடி புலனாகிறது. தவணை கடந்த பாக்கிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக விசாரிக்கும்போது, "அவருக்குச் சர்க்கரை வியாதி", "இவர் நெஞ்சு வலி என்று படுத்துவிட்டார்", "அவர் இரவில் கண்ணை மூடுவதே இல்லையாம்" என்று செயலாளர்கள் கூறக் கேட்கிறோம். நோய் வந்தமையால் பாக்கி நின்றதா, பாக்கி நின்றமையால் நோய் வந்ததா? முன்னதே காரணம் என்று பெரும்பாலோர் கருதுகின்றனர். பின்னதும் மெய்யே, அதற்குச் சான்றுகள் உள. அவற்றுள் மிக முக்கியமான ஒன்று நம் நாட்டுக் கரும்பு விவசாயிகளிடமிருந்தே கிடைத்ததாகும்.

நம் இயக்கத்தின் தோற்றமும் இதனோடு தொடர்புடையது. சர் பிரெடரிக் நிக்கல்சன் 1895-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கத்திற்கு அளித்த அறிக்கையும், அதன் பின் வந்த 1904-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டமும், அவ்வாண்டிலேயே திரூரில் தோன்றிய சங்கமும் கிராமத்தானை லேவாதேவிக்காரனிடமிருந்து விடுவிக்கவே எழுந்தன. வட்டிச் சுமையை அவர்கள் பணச்சுமையாகவே கண்டனர். அச்சுமை இரத்தக் குழாய்களிலும் ஏறி அமர்கிறது என்பது பிற்காலத்தில் தெளிந்த உண்மை.

கவலை எவ்வாறு உடலுக்குள் புகுகிறது என்பதை முதலில் பார்ப்போம். வயல் வரப்பில் நடந்து செல்லும் ஒருவன் எதிரே நல்ல பாம்பைக் காண்கிறான். அக்கணமே அவன் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு விரைகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது. இவற்றை அவன் விரும்பிச் செய்யவில்லை. மூளை இட்ட ஆணையின்படி, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமைந்துள்ள இரு சிறு சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரை இரத்தத்தில் கலக்கின்றன. ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ வேண்டிய வலிமை தசைகளுக்கு உடனே கிடைக்கிறது. அந்நேரத்தில் அவசியமற்ற செரிமானம் போன்ற வேலைகள் நிறுத்தி வைக்கப்படுகின்றன. அமெரிக்க நாட்டு உடலியல் அறிஞர் வால்ட்டர் கானன் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக விளக்கினார். அதே சுரப்பிகளிலிருந்து கார்ட்டிசால் என்னும் மற்றொரு பொருளும் சுரக்கிறது. அது இரத்தத்தில் சர்க்கரையின் அளவை உயர்த்தி, நெருக்கடி நீடித்தாலும் உடல் தாங்குமாறு செய்கிறது.

பாம்பு புதருக்குள் சென்றுவிட்டால் சிறிது நேரத்தில் நெஞ்சுத் துடிப்பு தணிந்துவிடும். இவ்வேற்பாட்டில் குறையொன்றும் இல்லை. இஃதில்லையேல் மனித குலம் இதுவரை பிழைத்திராது. குறை எங்கே வருகிறதெனில், பாம்பு போகாமல் வீட்டு வாசலிலேயே படுத்திருக்கும்போதுதான். கந்துவட்டிக்காரர் வெள்ளிக்கிழமை தோறும் வருகிறார். மகளின் நகை அடகில் இருக்கிறது. மீட்கும் நாள் நெருங்குகிறது. ஆலை இன்னும் வெட்டு உத்தரவு தரவில்லை. இவற்றுள் எதனிடமிருந்தும் ஓட முடியாது. எதனையும் கையால் அடித்து வீழ்த்தவும் முடியாது. உடலோ இவ்வேறுபாட்டை அறியாது. பாம்பைக் கண்டபோது செய்த ஆயத்தத்தையே அது மாதக்கணக்கில் செய்துகொண்டிருக்கிறது. இரத்த அழுத்தம் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்குவதில்லை, சர்க்கரை ஏறி நிற்கிறது, உறக்கம் கலைகிறது, கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குன்றுகிறது.

இனி, முன்னர்க் குறித்த கரும்பு விவசாயிகளின் செய்தியைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். 2013-ஆம் ஆண்டில் புகழ் பெற்ற விஞ்ஞான இதழொன்றில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்புப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 சிறு விவசாயிகள் இதில் பங்கு கொண்டனர். கரும்பு விவசாயியின் நிலை நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டுவதன்று. ஆண்டுக்கு ஒரு முறையே கையில் பணம் வரும். வெட்டு முடிந்து பணம் வந்த மாதங்களில் அவன் சற்றே செழிப்பாக இருப்பான். அடுத்த வெட்டுக்கு முந்திய மாதங்களில் கடனும் அடகுமாகத் தத்தளிப்பான். ஆகவே ஒரே மனிதனை ஏழையாகவும் செல்வனாகவும் ஓராண்டுக்குள்ளேயே பார்க்க முடிகிறது. படித்தவன், படியாதவன் என்ற வேற்றுமையோ, இவன் உழைப்பாளி அவன் சோம்பேறி என்ற வாதமோ இங்கே எழுவதற்கு இடமில்லை.

வெட்டுக்கு முன் அவ்விவசாயிகளில் நூற்றுக்கு 78 பேர் பொருள்களை அடகு வைத்திருந்தனர். வெட்டுக்குப் பின் நூற்றுக்கு நால்வரே. இரு காலங்களிலும் அவர்களுக்கு எளிய சோதனைகள் சில வைக்கப்பட்டன. உருவங்களின் வரிசையில் விடுபட்டது எது என்று கண்டுபிடித்தல் ஒன்று. மற்றொன்று, 5 5 5 என்று எழுதிக் காட்டினால், 'ஐந்து' என்று சொல்லிவிடாமல், எத்தனை முறை எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து 'மூன்று' என்று விரைவில் கூறுதல். வெட்டுக்குப் பின் இவற்றில் தேர்ந்தவர்களே வெட்டுக்கு முன் தடுமாறினர். இதற்குப் பருவ காலம் காரணமாகுமோ என்று ஐயுறலாம். ஆலையால் எல்லோருடைய கரும்பையும் ஒரே நேரத்தில் அரைக்க இயலாதாகையால் வெட்டு பல மாதங்களில் பரவி நடைபெறுகிறது. ஆகவே ஒரே மாதத்தில் ஒருவர் வெட்டுக்கு முன்னும், பக்கத்து ஊர்க்காரர் வெட்டுக்குப் பின்னும் இருப்பர். வெயிலும் மழையும் இருவர்க்கும் ஒன்றே, வேறுபாடு பணநிலையில்தான். அவ்விவசாயிகளில் ஒரு பகுதியினரின் இரத்த அழுத்தத்தையும் அளந்து பார்த்தனர்; வெட்டுக்கு முன் அது உயர்ந்தே இருந்தது.

இந்த ஆராய்ச்சியிலிருந்து நாம் கொள்ள வேண்டுவது யாது? பணத் தட்டுப்பாட்டில் இருப்பவன் அறிவில்லாதவன் அல்லன். அவன் அறிவின் பெரும்பகுதியைத் தட்டுப்பாடு பிடித்து வைத்துக்கொள்கிறது. மருந்தைக் காலத்தில் உண்ண மறத்தல், பிள்ளையின் காய்ச்சலைக் கவனியாது விடுதல், படித்துப் பாராமல் கைந்நாட்டு வைத்தல், அற்ப விஷயத்திற்கு மனைவியிடம் சீறுதல் ஆகியவை அந்த மாதங்களில் மிகுவது இயல்பே. சங்கத்துக்கு வந்து கூச்சலிடும் உறுப்பினரைப் பற்றி, "சுபாவமே அப்படி" என்று தீர்ப்புக் கூறும் எழுத்தர்கள், அவருடைய வெட்டு முடிந்துவிட்டதா என்பதையும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நன்று.

கவலைக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பை வேறு நாட்டாரும் சோதித்துள்ளனர். இங்கிலாந்தில் 394 பேருடைய மூக்கில் சளிக் கிருமிகளைச் சொட்டு மருந்து போல் விட்டுப் பார்த்தனர். மனநெருக்கடி மிகுந்தவர்களையே அந்நோய் அதிகம் பற்றியது என்பது 1991-இல் வெளியான முடிவு. அமெரிக்காவில், மறதி நோய் கொண்ட உறவினரை இரவும் பகலும் பராமரித்து வந்த 13 பெண்களுக்கும், அத்தகைய பாரமில்லாத 13 பெண்களுக்கும் முன்கையில் சிறு காயம் ஒன்றைச் செய்து, அஃது ஆறும் நாளை எண்ணினர். பராமரிக்கும் பெண்களுக்குச் சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாக ஆயிற்று. 1995-இல் வெளியான செய்தி இது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொண்டு, தாரும் சுற்றி, அடுப்பும் மூட்டும் பெண் ஒவ்வொரு நெசவுத் தெருவிலும் உண்டு. அவர்களுக்கு இதனைப் படித்துக் காட்ட வேண்டும் என்பதில்லை. வீட்டு ஆண்களுக்குப் படித்துக் காட்டினால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. எல்லா நோய்க்கும் மனமே காரணம் என்று கூறுவோர் பெருகியுள்ளனர். அஃது உண்மையன்று. வயிற்றுப் புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணம் என்று வைத்தியர்களே நெடுங்காலம் நம்பியிருந்தனர். ஆஸ்திரேலிய நாட்டவரான பாரி மார்ஷல், ராபின் வாரன் ஆகிய இருவரும், இரைப்பையில் வாழும் ஒரு கிருமி அந்நோய்க்குப் பெருங்காரணம் என்று 1980-களில் எடுத்துக் காட்டினர். 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று கிருமிக்குரிய மருந்தை உண்டு குணமடைவோர் பலர். காசநோயும் கிருமியால் வருவதே. மன உறுதியால் மட்டும் அது போகாது. ஆகவே "மனத்தைத் திடப்படுத்திக்கொள், எல்லாம் சரியாகிவிடும்" என்று நோயாளியிடம் கூறுவது, அவன் நோய்க்கு அவனையே குற்றவாளியாக்குவதாகும். கவலை நிலத்தைப் பண்படுத்தி வைக்கிறது. விதை வேறிடத்திலிருந்தும் வரலாம். மருந்தும் வேண்டும், கவலையைக் குறைக்கும் வழியும் வேண்டும்.

இனி நெசவாளரின் அன்றாட வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். இத்தாலி நாட்டு வைத்தியர் ராமசினி என்பார் 1700-ஆம் ஆண்டிலேயே தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் நெசவு செய்வோரைப் பற்றியும் தனியே ஒரு பகுதி உண்டு. நோயாளியிடம் கேட்க வேண்டிய வினாக்களோடு "உன் தொழில் யாது?" என்பதையும் சேர்த்துக் கேட்குமாறு அவர் வைத்தியர்களுக்கு அறிவுறுத்தினார். முந்நூறு ஆண்டுகள் கடந்தும் அவ்வினாவைக் கேட்பவர் மிகச் சிலரே.

குழித்தறியில் அமர்ந்திருப்பவரின் கைகளும் கால்களும் ஓய்வின்றி அசைகின்றன. மாலையில் தோளும் இடுப்பும் கழன்று விழுவது போல் நோகின்றன. அதனால் உடற்பயிற்சி வேறு எதற்கு என்று அவர் கேட்பது இயல்பே. எனினும் இருந்த இடத்தை விட்டு எழாமல் செய்யும் உழைப்பும், நடந்து செய்யும் உழைப்பும் இருதயத்திற்கு ஒன்றல்ல. லண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் பணியாற்றியவர்களை ஜெர்ரி மாரிஸ் என்னும் வைத்தியர் ஆராய்ந்து 1953-இல் வெளியிட்டார். நாள் முழுவதும் அமர்ந்து வண்டியோட்டியவர்களைவிட, படிகளில் ஏறியிறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. ஊரும் சம்பளம் தரும் நிறுவனமும் இருவர்க்கும் ஒன்றே. ஒருவர் உட்கார்ந்தார், மற்றவர் ஏறியிறங்கினார். ஆகவே தார் தீரும்போதெல்லாம் குழியை விட்டு எழுந்து தெருக்கோடி வரை சென்று வருவது சோம்பலாகாது. வாரத்திற்கு 150 நிமிட நடை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுவதைப் பங்கிட்டால் நாளொன்றுக்கு அரை மணிக்கும் குறைவே.

நெசவாளரின் உடலை வருத்துவது தறி மட்டுமன்று. வேலை வரும் முறையும் வருத்துகிறது. தீபாவளிக்கு முன் இரவு பன்னிரண்டு மணி வரை நாடா ஓடுகிறது. பண்டிகை கழிந்ததும் பாவு கிடைப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் தறிக்குழி ஈரங்கசிந்து, இழை அறுந்து, வேலை நின்றுவிடுகிறது. வேலை மிகுந்த மாதத்தில் உறக்கம் கெடுகிறது. வேலையற்ற மாதத்தில் கவலையால் உறக்கம் கெடுகிறது. நல்ல உறக்கத்தின்போது இரத்த அழுத்தம் பகலைவிடத் தாழ்ந்து, இருதயத்துக்கும் குழாய்களுக்கும் சற்று ஓய்வு கிடைக்கிறது. ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் உறங்குவது அதனால்தான் வேண்டப்படுகிறது. நான்கு மணி உறக்கத்தோடு ஒரு மாதம் ஓட்டுபவர் அந்த ஓய்வை இருதயத்திற்கு மறுத்தவராகிறார்.

உறக்கத்தை விரட்டுவதற்கு அவர் மேற்கொள்ளும் சாதனங்கள் வேறு தீங்கு செய்கின்றன. வாயில் அடக்கிய புகையிலை கண்ணைத் திறந்து வைக்கும் என்பது உண்மைதான். அதிலுள்ள நிக்கோட்டின் அட்ரினலினைத் தூண்டுவதாலேயே அவ்விழிப்பு உண்டாகிறது. அஃதாவது, வாசலில் கடன்காரர் என்னும் பாம்பு படுத்திருப்பது போதாதென்று, மற்றொன்றை நாமே வாய்க்குள் விட்டுக்கொள்கிறோம். வாய்ப்புற்று அபாயம் தனி. புகையிலையின்றி வெறும் பாக்கு மெல்லுவதும் புற்றுக்குக் காரணமாகும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் அறிவித்திருக்கிறது. வெற்றிலைப் பெட்டியைத் தாம்பூலம் என்று போற்றி வந்த நமக்கு இச்செய்தி கசக்கிறது. ஆயினும் கூறாமல் விடுவதற்கில்லை. மதுவைப் பற்றி நீளக் கூற வேண்டா. கவலையை மறக்கக் குடிப்பவர் உறங்குவது போல் தோன்றுகிறார். நள்ளிரவுக்குப் பின் அவ்வுறக்கம் கலைந்துவிடுகிறது, காலையில் அழுத்தமும் ஏறி நிற்கிறது, கூலியும் குறைந்திருக்கிறது.

உணவில், அவசரக் காலத்தில் ஊறுகாயும் அப்பளமும் கருவாடுமே துணையாகின்றன. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள், அஃதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள் உப்பு அடங்க வேண்டும் என்பது விதி. ஒரு வேளைப் பழைய சோற்றோடு உண்ணும் ஊறுகாயிலேயே அதில் நல்ல பங்கு முடிந்துவிடும். பழைய சோற்றைக் குறை கூறவில்லை. ஊறுகாய்க்குப் பதிலாகச் சிறு வெங்காயமோ மோரோ சேர்த்துக்கொள்ளலாமே என்கிறோம்.

பெண் உறுப்பினர்களைப் பற்றிச் சில சொற்கள். வீட்டில் கவலையைப் பேசுபவர் ஆண்; அதனைச் சுமப்பவர் பெரும்பாலும் பெண். நகையைக் கழற்றித் தருபவரும், அடகுக் கடைக்குச் சென்று நிற்பவரும், கடைசியில் எஞ்சியதை உண்பவரும் அவரே. இழை பிணைப்பதும் தார் சுற்றுவதும் அவர் வேலையாயினும், கூலிச் சீட்டில் கணவர் பெயரே இருப்பதால், அவருடைய களைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. தலைச்சுற்றலையும் மூச்சு வாங்குதலையும் "வேலை அதிகம்" என்று தள்ளிவிடாமல் இரத்த சோகைக்கான சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குச் செலவில்லை.

இனி மேலதிகாரிகளின் நோய் என்று கருதப்பட்ட ஒன்றைப் பற்றி. பெரிய பதவியில் இருப்போருக்கே பொறுப்பும் கவலையும் மிகுதி, ஆகவே மாரடைப்பும் அவர்களுக்கே வரும் என்பது பொதுவான நம்பிக்கை. லண்டனில் அரசு அலுவலர் ஏறக்குறைய 18,000 பேரை 1967 முதல் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது இதற்கு நேர்மாறானது வெளிப்பட்டது. கடைநிலை ஊழியர்களே இருதய நோயால் அதிகம் இறந்தனர். புகை பிடித்தல் முதலிய பழக்கங்களைக் கணக்கிட்டுக் கழித்த பின்னும் வேறுபாடு எஞ்சி நின்றது. பின்னர் நடந்த ஆராய்ச்சியில் ஒரு காரணம் தெளிவாயிற்று: தம் வேலையின் மீது தமக்கு அதிகாரம் இல்லாதோருக்கு அபாயம் கூடுகிறது. எந்தப் பாவு வரும், எப்போது வரும், கூலி என்ன, பணம் என்று கிடைக்கும் என்பவை எல்லாம் பிறர் கையில் இருக்கும் தனியார் முதலாளியின் நெசவாளரை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். 52 நாடுகளில் மாரடைப்பு நோயாளிகளை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட சலீம் யூசுப் குழுவினரும், மாரடைப்புக்கு முக்கியமான ஒன்பது காரணங்களில், புகையிலை, சர்க்கரை, இரத்த அழுத்தம் முதலியவற்றோடு மனநெருக்கடியையும் ஒன்றாகச் சேர்த்தனர்.

இரத்த அழுத்தத்தைப் பற்றிச் சற்று நின்று கூற வேண்டும். நாடு முழுவதும் நடத்தப்பெற்று 2023-இல் வெளியான பெரும் ஆய்வொன்றின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் அது உயர்ந்திருக்கிறது. நூறு உறுப்பினர் கொண்ட சங்கத்தில் மூன்றிலொரு பங்கினர் என்க. அதற்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை; அளந்தால்தான் தெரியும். நாம் பார்வையிட்ட நெசவாளர் சங்கமொன்றில், ஐம்பதைத் தாண்டிய உறுப்பினர் ஒருவருக்கு மாத்திரை எழுதித் தரப்பட்டிருந்தது. சங்கச் செயலாளர் அவருக்குத் தூரத்து உறவு; "மாமா, மாத்திரை போடுகிறீர்களா?" என்று எங்கள் முன்னிலையிலேயே கேட்டார். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது மாப்பிள்ளை, கடன் தொல்லை தீரட்டும், பிறகு போட்டுக்கொள்கிறேன்" என்பது பதில். தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்னர், பாதி நெய்த சேலை தறியில் இருக்க, அவருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. இன்று கைத்தடியோடு நடக்கிறார். நாடாக் கயிற்றை இழுக்கக் கை வரவில்லை. கடன் முன்னிருந்ததைவிடப் பெருகிவிட்டது. உடல் நன்றாக இருப்பது மாத்திரை வேலை செய்வதன் அடையாளம், நிறுத்துவதற்குக் காரணமன்று. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டத்தில் இம்மாத்திரைகள் வீட்டிற்கே கொண்டு வந்து தரப்படுகின்றன. விலை இல்லை என்பதால் மதிப்பும் இல்லை என்று எண்ணலாகாது.

இதுவரை கூறியதில் உறுப்பினர் செய்ய வேண்டுவன மிகுதியாக வந்துவிட்டன. சங்கங்கள் செய்ய வேண்டுவதையும் கூறாவிடில் இக்கட்டுரை நடுநிலை தவறியதாகும்.

கவலை உடலைக் கெடுக்கிறது என்றால், சங்கத்தின் நாட்காட்டியும் ஒரு வகையில் மருந்தாகவோ நஞ்சாகவோ அமைகிறது. கூலி திங்களன்று என்று சொல்லி வியாழனன்று கொடுக்கும் சங்கம், தன் உறுப்பினர்களுக்கு மூன்று இரவு உறக்கத்தைக் குறைக்கிறது. தொகை குறைவாயினும் குறித்த நாளில் தவறாது கிடைக்கும் என்ற உறுதி, அதிகமாயினும் என்று வருமோ என்ற ஐயத்தைவிட உடலுக்கு நல்லது. வெட்டு உத்தரவு வராத விவசாயிக்கு, வெட்டுக்கு இரண்டு வாரம் முன் கடுமையான அறிவிப்பு அனுப்புவதால் பணம் வருவதில்லை. அவர் அடுத்த தெருவில் மீட்டர் வட்டிக்கு வாங்கிச் சங்கத்தில் கட்டுகிறார். நம் பேரேட்டில் பாக்கி தீர்ந்ததாகத் தோன்றுகிறது. அத்தகைய வசூலைப் பாராட்டும் வழக்கம் நம் துறையில் உண்டு. நாம் அதனை வசூலாகவே கருதுவதில்லை. விதிகள் இடந்தரும் அளவில் தவணையை வெட்டு நாளோடு பொருத்துவதும், புதிய திட்டங்களின் படிவங்களையும் காப்பீட்டு விளக்கக் கூட்டங்களையும் கையில் பணமும் மனத்தில் தெளிவும் உள்ள வெட்டுக்குப் பிந்திய வாரங்களில் வைப்பதும் நிர்வாகக் குழுவால் ஆகக்கூடியவையே. செலவு ஒரு காசும் இல்லை. நெசவாளர் சங்கங்களில் 1975 முதல் நடைபெற்று வரும் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் பிடித்தம் செய்த தொகையின் இருப்பை ஆண்டுக்கொரு முறையேனும் உறுப்பினருக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், தமக்கென்று ஏதோ இருக்கிறது என்ற எண்ணமே பெரிய ஆறுதலாகும். பல சங்கங்களில் உறுப்பினர்க்கு அத்தொகை இவ்வளவு என்று தெரியாது.

உறுப்பினர் தம் பங்கில் செய்யத் தக்கது ஒன்று உண்டு. அது மிக எளிது, ஆயினும் பலர் அஞ்சி ஒதுக்குவது. யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, என்று தவணை என்பதை ஒரே தாளில் எழுதுதல். எழுதாத கடன் இரவு தோறும் வெவ்வேறு உருவில் வரும். எழுதியபின் அஃது ஓர் எண்ணாகிவிடும். எண்ணோடு பேரம் பேசலாம், எண்ணைக் கூறு போடலாம். அத்தாளை மனைவியோ கணவனோ பார்க்க வேண்டும். பின்னர் தவணை தவறும் முன்பே சங்கத்திற்கு வர வேண்டும். தவறிய பின் வருபவருக்கு விதிகள் அடைத்து வைத்துள்ள கதவுகள், முன்னரே வருபவருக்குப் பல வேளைகளில் திறந்தே இருக்கின்றன. பயிர்க்கடனில் உரிய நாளில் செலுத்துவோர்க்குள்ள வட்டிச் சலுகையும் ஒரு நாள் தாமதத்தால் போகக் கண்டிருக்கிறோம்.

உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்து, உணவில் விருப்பமற்று, எதிலும் பற்றின்றி, வாழ்வதால் பயன் என்ன என்ற எண்ணம் ஒருவருக்குத் தலைகாட்டுமாயின், அது கவலையின் எல்லையைக் கடந்த நோயாகும். இதற்கு வைத்தியமும் உண்டு, குணமும் உண்டு. 14416 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநல உதவிச் சேவையில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 104 என்னும் எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். இவ்விரு எண்களையும் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில், ஏல அறிவிப்புகளின் கீழேயல்லாமல் மேலே, பெரிய எழுத்தில் எழுதி வைக்குமாறு செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அத்தகைய நிலையிலுள்ள உறுப்பினரைத் தனியே விடாது, அவர் நம்பும் அண்ணனோ பங்காளியோ உடன் இருந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இறுதியாக ஒரு யோசனை. நூலை நிறுத்துக் கொடுக்கும் தராசு இல்லாத நெசவாளர் சங்கம் இல்லை. அத்தராசின் அருகே மின்கலத்தில் இயங்கும் இரத்த அழுத்தமானி ஒன்றையும் வைக்கலாம். வரும் பொதுக்குழுவில் உறுப்பினர்களே இதனைத் தீர்மானமாகக் கொண்டு வரலாம். பொதுநல நிதியுள்ள சங்கங்களுக்கு இஃது ஒரு செலவாகத் தோன்றாது. பாவு வாங்க வரும் உறுப்பினர் முதலில் ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து அமைதியாக அமரட்டும். கால்கள் தரையில் இருக்க வேண்டும், குறுக்கே போடலாகாது. அளக்கும் கையை இருதயத்தின் மட்டத்தில் மேசை மீது வைக்க வேண்டும். அதற்கு முன் அரை மணிக்குள் தேநீரோ புகையிலையோ கூடாது. அளக்கும்போது பேசவும் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, தேதியோடு உறுப்பினரின் கைப்புத்தகத்தில் கூலிக் கணக்கின் எதிர்ப்பக்கத்தில் குறித்துக் கொடுக்கலாம். 140-க்கு 90 என்பதற்கு மேல் வேறு வேறு நாட்களில் காணப்படுமாயின், அந்தப் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு அவர் சுகாதார நிலையத்திற்குச் செல்லட்டும்.